லினக்ஸ் ப்ரௌசர்களை ஸ்க்விட் ப்ராக்ஸி வழியா அனுப்பினது: செஞ்ச வரிசையில குறிப்பு

ஒரு வழியா முடிஞ்சுது. நெட்வொர்க்ல இருக்கற லினக்ஸ் மெஷின் எதுல ஃபயர்பாக்ஸ் திறந்தாலும் சரி, குரோமியம் திறந்தாலும் சரி, ட்ராஃபிக் மொத்தமும் ஸ்க்விட் (நடுவுல நின்னு நமக்காக இன்டர்நெட்டுக்குப் போய் வர்ற ப்ராக்ஸி ப்ரோக்ராம்) ஓடற மெஷினோட 3128 போர்ட் வழியாதான் வெளிய போகுது. ஸ்க்விட்டை எழுப்பறதுக்கு அதிக நேரம் ஆகல, முக்கால்வாசி நேரத்தை எடுத்துக்கிட்டது ப்ரௌசர்தான். லினக்ஸ்ல ப்ராக்ஸி செட்டிங்னு எல்லாரும் பாக்கற ஒரே இடம் கிடையாது. ஃபயர்பாக்ஸ் தனக்குன்னு ஒரு இடம் வெச்சிருக்கு, குரோமியம் டெஸ்க்டாப்பைக் கேக்கும், டெஸ்க்டாப் கைவிரிச்சா என்விரான்மென்ட் வேரியபிள்னு ப்ரோக்ராம் படிக்கறதுக்காக சிஸ்டத்துல வெக்கற பேர்-மதிப்பு ஜோடியைத் தேடும், கர்ல் (ஒரு வெப் அட்ரஸை எடுத்துக் காட்டற கமாண்ட்) மாதிரி டெர்மினல் ஐட்டம் எல்லாம் வேரியபிளை மட்டும்தான் மதிக்கும். ஒரு இடத்துல போட்டது இன்னொரு இடத்துக்குத் தெரியவே தெரியாது, அதுவும் எரர் எதுவும் காட்டாம நேரா இன்டர்நெட்டுக்குப் போயிடும், பேஜ் திறக்குது, சரி ப்ராக்ஸி வேலை செய்யுதுன்னு நாம நம்பிடுவோம்.

கைல இருந்தது: ப்ராக்ஸிக்கு ஒரு பழைய மெஷின், டெபியன் போட்டது, ஐபி 192.168.1.10. க்ளையன்ட் பக்கம் கலவை, சிலதுல க்னோம் டெஸ்க்டாப், சிலதுல முழு டெஸ்க்டாப் இல்லாம வெறும் ஓபன்பாக்ஸ் விண்டோ மேனேஜர், அது போக வெளிய எடுத்துட்டுப் போற லேப்டாப்பும் உண்டு. டூல்னு பாத்தா கர்ல், டெய்ல் (லாக்கோட கடைசி வரிகளைக் காட்டும்), எஸ்எஸ் (திறந்திருக்கற கனெக்ஷனைக் காட்டும்), டிசிபிடம்ப் (நெட்வொர்க்ல ஓடற பாக்கெட்டைக் காட்டும்), எல்லாமே ரெப்போல கிடைக்கறதுதான், பணச் செலவு ஒண்ணும் இல்ல.

முதல்ல ஸ்க்விட். இன்ஸ்டால் பண்ண உடனே 3128ல கேக்க ஆரம்பிச்சிடும், ஆனா வேற மெஷின்லேர்ந்து போனா 403 (அனுமதி இல்ல) தான் வரும். காரணம், டெபியன் குடுக்கற கான்ஃபிக்ல லோக்கல்நெட்னு ஒரு ஏசிஎல்ல (யாரைப் பத்தின விதின்னு பேர் வெச்சு எழுதற பட்டியல்) 10, 172.16, 192.168னு ப்ரைவேட் ரேஞ்ச் எல்லாத்தையும் எழுதி வெச்சிருப்பாங்க, ஆனா அந்த லோக்கல்நெட்டை அலவ் பண்ற வரி மட்டும் கமென்ட்ல கிடக்கும். அதை அப்படியே திறந்து விடாம கான்ஃப்.டி ஃபோல்டர்ல தனியா ஒரு ஃபைல் வெச்சு, 192.168.1.0/24க்கு (192.168.1ல ஆரம்பிக்கற ஐபி எல்லாம்) மட்டும் ஒரு ஏசிஎல், அதுக்கு ஒரு அலவ் வரின்னு எழுதினேன். மெயின் ஃபைலைத் தொடாம இருந்தா அடுத்த அப்டேட்ல "உன்னோடதா என்னோடதா"ன்னு பேக்கேஜ் மேனேஜர் கேக்காது. இதுல வரிசைதான் எல்லாம், ஸ்க்விட் மேலேர்ந்து கீழ படிச்சுக்கிட்டே வரும், முதல்ல எந்த வரி பொருந்துதோ அதோட முடிவு, கடைசியில டினை ஆல் (மத்த எல்லாரையும் தடு) நிக்கும், அதுக்குக் கீழ என்ன அலவ் எழுதினாலும் எழுதாத மாதிரிதான்.

ஒவ்வொரு மாத்தத்துக்கும் ரீஸ்டார்ட் குடுக்காதீங்க. ஸ்க்விட் நிக்கறதுக்கு முன்னாடி இருக்கற கனெக்ஷனுக்கெல்லாம் டீஃபால்ட்டா 30 செகண்ட் வரைக்கும் டைம் குடுக்கும், அது வரைக்கும் நாம ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டு உக்காரணும். ஸ்க்விட் கமாண்டுக்கு மைனஸ் கே பார்ஸ் குடுத்து எழுத்துப்பிழை பாத்துட்டு, மைனஸ் கே ரீகான்ஃபிகர் குடுத்தா போதும், ஓடற கனெக்ஷன் அறாது.

கேச் பத்தி ஒரு வார்த்தை. ப்ராக்ஸி வெச்சா நெட் வேகமாகும்னு எதிர்பாக்கறவங்க இருக்காங்க. இப்ப சைட் எல்லாம் ஹெச்டிடிபிஎஸ், ஸ்க்விட்டுக்குத் தெரியறது "இந்த ஹோஸ்டோட 443க்கு என்னை கனெக்ட் பண்ணி விடு"ங்கற ஒரு வரி மட்டும்தான், உள்ள போறது எல்லாம் என்க்ரிப்ட் ஆனது, அதை கேச் பண்ண முடியாது. அதனால டிஸ்க் கேச் வைக்கவே இல்ல, டீஃபால்ட் மெமரி கேச் 256 எம்பி அப்படியே விட்டுட்டேன். எனக்கு வேண்டியது வெளிய போற வழி ஒண்ணே ஒண்ணா இருக்கணும், எது எங்க போச்சுன்னு ஒரு லாக் இருக்கணும், அவ்வளவுதான்.

ப்ரௌசருக்குப் போறதுக்கு முன்னாடி கர்ல்ல பாத்துடணும், இதை எல்லாருக்கும் சொல்லுவேன். கர்லுக்கு மைனஸ் எக்ஸ் குடுத்து ப்ராக்ஸி அட்ரஸ் சொன்னா வேற எந்த செட்டிங்கும் குறுக்க வராது. இது ஓடுச்சுன்னா ஸ்க்விட் சரி, இனிமே வர்ற பிரச்சனை எல்லாம் ப்ரௌசர் பக்கம்தான்னு தைரியமா சொல்லலாம்.

அப்புறம் ப்ராக்ஸி மெஷின்ல ஆக்சஸ் லாக்கை டெய்ல் மைனஸ் எஃப்ல ஓட விட்டு, க்ளையன்ட்ல ஃபயர்பாக்ஸ் திறந்து பாத்தேன். பேஜ் வருது, லாக்ல ஒண்ணுமே வரல. ஃபயர்பாக்ஸ் செட்டிங்கைக் கழட்டி மாட்டிக்கிட்டே இருந்தேன், ஒண்ணும் மாறல, ஆனா கொஞ்ச நேரம் கழிச்சு லாக்ல வரி வரியா கொட்டுச்சு. அதுல ஒரு வரி இந்த மாதிரி இருக்கும்:

1718000000.412 61873 192.168.1.23 டிசிபி_டனல்/200 8341 கனெக்ட் எக்ஸாம்பிள்.காம்:443 - ஹையர்_டைரக்ட்/203.0.113.5 -

முதல் நம்பர் 1970லேர்ந்து எண்ணின செகண்ட், புள்ளிக்கு அப்புறம் மில்லிசெகண்ட். மூணாவது க்ளையன்ட் ஐபி, அப்புறம் ரிசல்ட், பைட் கணக்கு, மெத்தட், போற இடம். விஷயம் ரெண்டாவது நம்பர்ல இருக்கு. 61873ன்னா கிட்டத்தட்ட 62 செகண்ட். பேஜ் வர 62 செகண்ட் ஆச்சுன்னு அர்த்தம் இல்ல, அந்த டனல் அவ்வளவு நேரம் திறந்து இருந்துச்சுன்னு அர்த்தம். டனல் மூடினதுக்கு அப்புறம்தான் ஸ்க்விட் அந்த வரியையே எழுதும். ப்ரௌசர் கனெக்ஷனை விடாம பிடிச்சு வெச்சுக்கற வரைக்கும் லாக் சும்மாதான் இருக்கும். அதனால உடனடியா தெரியணும்னா லாக் உதவாது, ப்ராக்ஸி மெஷின்லயே எஸ்எஸ் கமாண்ட் போட்டு 3128க்கு வந்து நிக்கற கனெக்ஷனைப் பாக்கணும், க்ளையன்ட் ஐபி அங்க எஸ்டாப்னு தெரிஞ்சா வந்துடுச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு மாத்தத்துக்கும் பேஜ் திறக்குதான்னு பாக்கறதை விட்டுட்டு எஸ்எஸ் மட்டும்தான் பாத்தேன், வேலை பாதியா குறைஞ்சுது.

ஃபயர்பாக்ஸ் சுலபம். செட்டிங்ஸ்ல ஜெனரல் பக்கத்தோட அடியில நெட்வொர்க் செட்டிங்ஸ், அதுல மேனுவல் தேர்ந்தெடுத்து ஹெச்டிடிபி ப்ராக்ஸில 192.168.1.10, போர்ட் 3128, கீழ ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கும் இதையே பயன்படுத்துன்னு இருக்கற டிக் கட்டாயம். டிக் போடலன்னா ஹெச்டிடிபி சைட் மட்டும் ப்ராக்ஸில போகும், மத்த எல்லாம் நேரா போகும், அதாவது கிட்டத்தட்ட எல்லாமே. சாக்ஸ் ஹோஸ்ட் கட்டத்துல எதுவும் போடாதீங்க, சாக்ஸ்ங்கறது வேற வகை ப்ராக்ஸி முறை, ஸ்க்விட் அதைப் பேசாது, அந்தக் கட்டம் எஸ்எஸ்ஹெச் மைனஸ் டி மாதிரி டனல் வெச்சிருக்கறவங்களுக்கு.

நோ ப்ராக்ஸி ஃபார் கட்டத்துலதான் கொஞ்சம் நேரம் போச்சு. உள் நெட்வொர்க்ல ஒரு ஃபைல் சர்வர் இருக்கு, அதுக்கு ப்ராக்ஸி வேண்டாம், 192.168.1.0/24ன்னு போட்டேன். ஐபி அடிச்சுப் போனா நேரா போகுது, பேரு அடிச்சுப் போனா ப்ராக்ஸிக்குப் போகுது. ப்ரௌசர் பேரை ஐபியா மாத்திப் பாத்து முடிவெடுக்காது, அட்ரஸ் பார்ல நாம என்ன எழுதினோமோ அதை வெச்சு மட்டும்தான் பொருத்தும், ஐபியா எழுதினா ரேஞ்சோட ஒப்பிடும், பேரா எழுதினா பேர்ப் பட்டியலோட ஒப்பிடும். குரோமியமும் இதே மாதிரிதான். உள்ள இருக்கற மெஷின் எல்லாத்துக்கும் கடைசியில புள்ளி லேன் (.lan)னு முடியற பேரு வெச்சு, அந்த முடிவையும் பட்டியல்ல சேர்த்தப்பதான் ஒழுங்காச்சு. லோக்கல்ஹோஸ்ட்டை (அதாவது அந்த மெஷினையே) எழுதணும்னு அவசியம் இல்ல, ஃபயர்பாக்ஸ் 67லேர்ந்து அதை எப்பவும் ப்ராக்ஸிக்கு அனுப்பறதில்ல. டெவலப்மென்ட் சர்வரோட ட்ராஃபிக்கை ப்ராக்ஸில பாக்கணும்னு நினைக்கறவங்க அபௌட் கான்ஃபிக்ல லோக்கல்ஹோஸ்ட் ஹைஜாக்கிங்னு இருக்கற ஆப்ஷனை ட்ரூ பண்ணணும்.

குரோமியம் வேற கதை. அதுல ப்ராக்ஸிக்குன்னு கட்டமே கிடையாது, சிஸ்டம் பக்கத்துல இருக்கற லிங்கை அமுக்கினா க்னோம்ல டெஸ்க்டாப்போட நெட்வொர்க் செட்டிங் திறக்கும். அங்க மேனுவல் போட்டு ஹெச்டிடிபி வரி, ஹெச்டிடிபிஎஸ் வரி ரெண்டையும் நிரப்பணும், ஒண்ணு நிரப்பினா இன்னொண்ணு தானா நிரம்பாது. நிறைய மெஷின்னா ஜிசெட்டிங்ஸ் கமாண்ட்ல மோட், ஹோஸ்ட், போர்ட்னு வரிசையா குடுக்கறதுதான் நல்லது, ஒரு ஸ்கிரிப்ட் எழுதி எல்லா மெஷின்லயும் ஓட விட்டேன். ஒண்ணு மட்டும் கவனம், இது யூசர் கணக்குக்குத் தனித்தனி, ஒரே மெஷின்ல ரெண்டு பேர் லாகின் பண்ணா ரெண்டு பேருக்கும் ஓட்டணும்.

ஓபன்பாக்ஸ் மெஷின்ல அதே லிங்கை அமுக்கினா உங்க சிஸ்டத்துக்கு சப்போர்ட் இல்ல, கமாண்ட் லைன்ல போட்டுக்கோங்கங்கற மாதிரி ஒரு பேஜ் வரும். டெஸ்க்டாப் எதுன்னு தெரியலன்னா குரோமியம் என்விரான்மென்ட் வேரியபிளைத்தான் பாக்கும். ஹெச்டிடிபி_ப்ராக்ஸி, ஹெச்டிடிபிஎஸ்_ப்ராக்ஸி, நோ_ப்ராக்ஸி மூணையும் பேஷ்ஆர்சில (டெர்மினல் திறக்கும்போது ஷெல் படிக்கற ஃபைல்) எழுதினேன். டெர்மினல்லேர்ந்து குரோமியம் ஓட்டினா ப்ராக்ஸில போகுது, மெனுலேர்ந்து திறந்தா நேரா போகுது. மெனு, ஷெல்லோட பேஷ்ஆர்சியைப் படிக்கறதில்ல, அது லாகின் ஆகும்போது என்ன கிடைச்சுதோ அதோட ஓடறது. அதனால அங்கேர்ந்து எடுத்துட்டு எட்சி (/etc) ஃபோல்டர்ல இருக்கற என்விரான்மென்ட் ஃபைல்ல போட்டேன். அந்த ஃபைல் ஷெல் ஸ்கிரிப்ட் கிடையாது, எக்ஸ்போர்ட்னு முன்னாடி போடத் தேவையில்ல, ஒரு வேரியபிளோட மதிப்பை இன்னொண்ணுல டாலர் போட்டு இழுக்கவும் முடியாது, வெறும் பேரு, ஈக்வல், மதிப்பு. லாக்அவுட் பண்ணி திரும்ப வந்தாதான் ஏறும்.

ஏறிச்சு, ஆனா ஹெச்டிடிபி சைட் மட்டும்தான் திறந்துச்சு, ஹெச்டிடிபிஎஸ் எதுவும் இல்ல. கர்ல்ல ஓட்டிப் பாத்தா ராங் வெர்ஷன் நம்பர்னு ஒரு டிஎல்எஸ் (என்க்ரிப்ஷன்) எரர். ஹெச்டிடிபிஎஸ்_ப்ராக்ஸிங்கற வேரியபிளுக்கு மதிப்பையும் ஹெச்டிடிபிஎஸ்னு ஆரம்பிச்சு எழுதியிருந்தேன், பாக்க அதுதான் பொருத்தமா தெரியுது. ஆனா அங்க இருக்கற முன்னொட்டு நாம போற சைட்டைப் பத்தினது இல்ல, ப்ராக்ஸிகிட்ட எப்படிப் பேசணும்ங்கறதைப் பத்தினது. அதுல எஸ் போட்டா ப்ரௌசர் ப்ராக்ஸிகிட்டயே என்க்ரிப்ட் பண்ணிப் பேச ஆரம்பிக்கும், ஸ்க்விட்டோட 3128 சாதா ஹெச்டிடிபி எதிர்பாக்குது, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு புரியாம அறுந்துடும். ரெண்டு வேரியபிளோட மதிப்பும் எஸ் இல்லாம ஹெச்டிடிபின்னுதான் ஆரம்பிக்கணும். ப்ராக்ஸி போட்டும் வேலை செய்யலன்னு யாராவது சொன்னா நான் முதல்ல பாக்கற எழுத்து இப்ப இதுதான்.

நடுவுல ஒரு ஓபன்பாக்ஸ் மெஷின்ல மட்டும் கமாண்ட் லைன்ல ப்ராக்ஸி-சர்வர் ஆப்ஷன் குடுத்தும் பாத்தேன், அதுவும் நல்ல வழிதான், ஆனா குரோமியம் ஏற்கனவே ஓடிக்கிட்டு இருந்தா புது கமாண்ட் பழைய ப்ராசஸ்கிட்ட ஒரு விண்டோ திறக்கச் சொல்லிட்டு செத்துடும், நாம குடுத்த ஆப்ஷன் காத்துல போயிடும். எல்லா விண்டோவையும் மூடிட்டு ஆரம்பிக்கணும், இல்லன்னா யூசர் டேட்டா ஃபோல்டரை வேறயா குடுக்கணும். எந்த ஆப்ஷனோட ஓடுதுன்னு குரோமியத்தோட வெர்ஷன் பேஜ்ல கமாண்ட் லைன் வரியில அப்படியே தெரியும்.

லேப்டாப்புக்கு இது எதுவும் சரிவராது, வெளிய போனா 192.168.1.10 இருக்காது. அதுக்கு பேக் (PAC) ஃபைல், எந்த சைட்டுக்கு ப்ராக்ஸி, எதுக்கு நேரான்னு ப்ரௌசருக்குச் சொல்றது. 1996ல நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0ல வந்த ஏற்பாடு, இன்னைக்கும் ரெண்டு ப்ரௌசரும் ஒழுங்கா எடுத்துக்குது. ஜாவாஸ்கிரிப்ட்ல ஒரே ஒரு ஃபங்ஷன், யூஆர்எல்லும் ஹோஸ்ட்டும் வாங்கிக்கிட்டு எந்த வழின்னு ஒரு வரி திருப்பிக் குடுக்கும். புள்ளி இல்லாத பேரு, புள்ளி லேன்ல முடியற பேரு ரெண்டுக்கும் டைரக்ட், மத்ததுக்கு ப்ராக்ஸி 192.168.1.10:3128, அதுக்கப்புறம் செமிகோலன் போட்டு டைரக்ட்னு எழுதினேன், ப்ராக்ஸி கிடைக்கலன்னா நேரா போகட்டும்னு. அந்தக் கடைசி டைரக்ட்டை எடுத்துட்டேன். ஸ்க்விட்டை வேணும்னே நிறுத்திப் பாத்தப்ப பேஜ் எல்லாம் வழக்கம் போல திறந்துச்சு, யாருக்கும் வித்தியாசமே தெரியாது, ப்ராக்ஸி செத்துக் கிடக்கறது நாள் கணக்கா தெரியாமயே போயிடும். எடுத்ததால லேப்டாப்புக்கும் கஷ்டம் இல்ல, பேக் ஃபைலை உள் சர்வர்ல வெச்சிருக்கேன், வெளிய போனா அந்த ஃபைலே கிடைக்காது, கிடைக்கலன்னா ப்ரௌசர் நேரா போயிடும்.

பேக்ல இன்னொண்ணு. இஸ்இன்நெட்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, ஹோஸ்ட் இந்த ரேஞ்சுக்குள்ள இருக்கான்னு பாக்கும், பாக்கணும்னா பேரை ஐபியா மாத்தணும், அதாவது ஒவ்வொரு சைட்டுக்கும் க்ளையன்ட்லயே ஒரு டிஎன்எஸ் கேள்வி. ஹெச்டிடிபி ப்ராக்ஸியோட பெரிய சௌகரியமே பேரை ப்ராக்ஸியே கண்டுபிடிச்சுக்கும், க்ளையன்ட்டுக்கு வெளி டிஎன்எஸ்ஸே வேண்டாம்ங்கறதுதான். டிசிபிடம்ப்பை டிஎன்எஸ் ஓடற போர்ட் 53ல வெச்சுப் பாத்தா ஃபங்ஷன் இருக்கும்போது கேள்வி ஓடிக்கிட்டே இருந்துச்சு, எடுத்த உடனே அமைதி. பேரை வெச்சுப் பொருத்தறதோட நிறுத்திக்கறது நல்லது.

இவ்வளவும் பண்ணதுக்கு அப்புறம்தான் பாலிசி ஃபைல் (மெஷின் முழுசுக்கும் ப்ரௌசர் செட்டிங்கை நிர்ணயிக்கற ஃபைல்) பக்கம் போனேன், இதுக்குத்தான் முதல்லயே போயிருக்கணும். ஃபயர்பாக்ஸுக்கு எட்சில ஃபயர்பாக்ஸ், அதுக்குள்ள பாலிசீஸ் ஃபோல்டர்ல பாலிசீஸ்.ஜேசான். குரோமியத்துக்கு எட்சில குரோமியம், பாலிசீஸ், மேனேஜ்டு ஃபோல்டர்ல ஏதாவது பேர்ல ஒரு ஜேசான். கூகுள் குரோம்னா எட்சிக்குள்ள ஆப்ட் (opt), குரோம்னு பாதை மாறும். ரெண்டுலயும் பேக் ஃபைலோட அட்ரஸை மட்டும் குடுத்தேன், ஃபயர்பாக்ஸ்ல லாக்டு ட்ரூ போட்டா செட்டிங் கட்டம் சாம்பல் ஆயிடும், யாரும் தெரியாம மாத்த முடியாது. இதுல பெரிய நிம்மதி என்னன்னா டெஸ்க்டாப் க்னோமா ஓபன்பாக்ஸா, மெனுவா டெர்மினலா, எந்த யூசர்னு எதையும் பாக்காது, மெஷின்ல ப்ரௌசர் திறந்தா பாலிசிதான். ஜேசான்ல ஒரு கமா கூடினா குறைஞ்சா ஃபைல் முழுசும் செல்லாது, அதனால போட்ட உடனே ஃபயர்பாக்ஸ்ல அபௌட் பாலிசீஸ், குரோமியம்ல பாலிசி பேஜ் திறந்து நாம எழுதினது அங்க தெரியுதான்னு பாத்துடுங்க.

கடைசியா ரௌட்டர்ல கதவைச் சாத்தினேன். க்ளையன்ட் ரேஞ்சுலேர்ந்து வெளிய போற டிசிபி 80, டிசிபி 443, யுடிபி 443 மூணையும் டிராப், 192.168.1.10க்கு மட்டும் விலக்கு. யுடிபி 443ஐ மறக்கக் கூடாது, ஹெச்டிடிபி 3 அதுலதான் ஓடுது, ப்ரௌசர் நேரா போற நிலையில இருந்தா டிசிபியை அடைச்சும் அது வழியா பாதி சைட் திறந்துக்கிட்டு இருக்கும், நமக்குத் தலை சுத்தும். சாத்தின உடனே யாரெல்லாம் இத்தனை நாள் நேரா போனாங்கன்னு வெட்டவெளிச்சமாச்சு. ஆப்ட் (apt, பேக்கேஜ் மேனேஜர்) அப்டேட் நின்னுச்சு, சூடோ (அட்மின் உரிமையோட ஓட்டறது) போட்டா வேரியபிள் எல்லாம் உதிர்ந்துடும், அதுக்கு ஆப்ட்டோட கான்ஃப்.டி ஃபோல்டர்ல ப்ராக்ஸி அட்ரஸைச் சொல்ற அக்வயர் வரி தனியா எழுதணும். க்னோம் மெஷின் ஒண்ணுல ஒரு யூசருக்கு ஹெச்டிடிபிஎஸ் வரி நிரப்பாமயே இருந்தது அப்பதான் தெரிஞ்சுது, பாலிசி வந்த அப்புறம் ப்ரௌசருக்கு அது தேவையில்ல, இருந்தாலும் மத்த அப்ளிகேஷனுக்காக நிரப்பினேன்.

இன்னொரு தடவை செஞ்சா வரிசையையே திருப்பிப் போடுவேன். உள் மெஷினுக்கெல்லாம் பேரு வெக்கறது முதல் வேலை. அப்புறம் ஸ்க்விட், கர்ல் டெஸ்ட், அது ஓடின உடனே ரௌட்டர் கதவு, அதுக்கு அப்புறம்தான் ப்ரௌசர். கதவு சாத்தியிருந்தா தப்பான செட்டிங் எதுவும் வேலை செய்யற மாதிரி நடிக்காது, பேஜ் திறக்காம சுத்திட்டு டைம்அவுட்ல நிக்கும், எங்க ஓட்டைன்னு அப்பவே தெரியும். ப்ரௌசர்லயும் கட்டம் கட்டமா நிரப்பற வேலையே வேண்டாம், நேரா பேக் ஃபைல், பாலிசி ஜேசான். என்விரான்மென்ட் வேரியபிள் டெர்மினல் ப்ரோக்ராமுக்கு மட்டும். பேக் ஃபைலை மாத்தினா ஃபயர்பாக்ஸ் அதை உடனே கவனிக்கறதில்ல, நெட்வொர்க் செட்டிங்ஸ்ல அந்த அட்ரஸ் பக்கத்துல ரீலோட் பட்டன் இருக்கு, அது கைக்கு வரலன்னா ப்ரௌசரை மூடித் திறக்கணும், அதனால ஃபைல்ல கை வெக்கறதை எல்லாரும் கிளம்பின அப்புறம் வெச்சுக்கறேன்.